தூக்கத்தில் கேட்ட பாடத்திட்டம்

செப்டம்பர் 2, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். இன்றைக்குப் பயிற்சி வகுப்பில் தூங்கிவிட்டேன். சும்மா கண்ணசந்தது என்றால் எழுதியிருக்கவே மாட்டேன். குறட்டை. தலைமையாசிரியை, எங்கள் பெரிய டீச்சர், வந்து தோளைத் தொடும் வரைக்கும் குறட்டை.

பயிற்சி எனக்கில்லை, டீச்சர்களுக்கு. இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதியிலிருந்து நாடு முழுக்க ஒன்றாம் வகுப்புக்குப் புதிய பாடத்திட்டமாம். கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து விளக்கினார். கேட்டைத் திறந்து மூடுகிறவளுக்கு அங்கே என்ன வேலை என்றால், டீ. பதினொன்றுக்கு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று. நடுவில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யாராவது ஜன்னலைச் சாத்தச் சொன்னால் சாத்த வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கை அணைத்துச் சுவரில் படம் காட்டினார்கள். மேலே மின்விசிறி. அதிகாரிக்குக் குரல், மாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிற மாதிரி. ஒரே சீர். ஒன்றாம் வகுப்புக்கு வந்திருக்கிற சின்ன டீச்சர்கூட இரண்டு தடவை தலையை ஆட்டினாள். அது ஒப்புக்கொள்கிற ஆட்டம் இல்லை.

ஆனால் கேட்டதெல்லாம் மனதில் நிற்கிறது. மதிப்பெண் கிடையாது. ரேங்க் கிடையாது. அதற்குப் பதிலாகப் பிள்ளைக்கு என்ன வருகிறது, என்ன வரப் பார்க்கிறது என்று டீச்சர் எழுதித் தருவார். விதை, கூழாங்கல், கயிறு வைத்துக் கணக்கு. பிள்ளை செய்ததையெல்லாம் ஒரு பையில் சேர்த்து வைக்க வேண்டும். அப்புறம் – எனக்கு ரொம்பப் பிடித்தது – வெள்ளிக்கிழமை தோறும் மூன்று மணிக்கு அம்மா அப்பா வகுப்புக்கு வர வேண்டும். பிள்ளைகள் கரும்பலகைப் பக்கம் நிற்பார்கள். பெரியவர்களுக்கு அவர்கள்தான் பாடம் எடுப்பார்கள்.

அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பால் மாதிரி வெயில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின், லாரி ஓட்டுகிற அப்பா ஸ்டியரிங்கைக் கழற்றிக் கையிலேயே கொண்டு வந்திருந்தார். இன்னொரு பிள்ளையின் அம்மா, மருந்துக்கடைக்காரர், வெள்ளைக் கோட்டோடு இரண்டாவது பெஞ்சில், முட்டி காது வரைக்கும். சுண்ணாம்புத் தூள் மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது. யார் மேலேயும் படவில்லை. கடைசி பெஞ்சில் என் அம்மா. அவள் போய் ஒன்பது வருடம். கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது அவளுக்கு. குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள், தலை நிமிரவில்லை.

அந்த இடத்தில்தான் தூங்கிவிட்டேன் போல. தோளில் கை.

செப்டம்பர் 3, புதன்

வீட்டுக்காரரிடம் குறட்டை விஷயத்தைச் சொன்னேன். பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிற மனிதர், வீட்டில் ஒரு டம்ளர் கழுவ மாட்டார். “முழிச்சிருக்கும்போதே அவ்வளவு சத்தம். தூங்கினா கேக்கணுமா” என்றார். இருபத்தாறு வருடமாக இதே வானொலிதான்.

செப்டம்பர் 5, வெள்ளி

பெற்றோருக்கு நோட்டீஸ் போயிற்று. இரண்டு பக்கம். நான்தான் கேட்டில் நின்று ஒவ்வொரு கையிலும் கொடுத்தேன்.

லாரி அப்பா படித்தார், திருப்பினார், மறுபடி படித்தார். “அக்கா, இது பள்ளிக்கூட நோட்டீஸா, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸா?”

“என்னைக் கேட்டா? நான் நாலாங்கிளாஸ்.”

“நான் எட்டு. எனக்கே மூச்சு வாங்குது.”

இரண்டு பக்கத்திலும் எல்லாருக்கும் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை, ‘மதிப்பெண் இல்லை’. அது போதும். மருந்துக்கடை அம்மா நேராக அலுவலகத்துக்குப் போய், பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுகிற ஃபாரம் ஒன்று வாங்கினார். சத்தம் போடவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. மருந்துச் சீட்டைப் படிப்பது போல ஃபாரத்தைப் படித்துக்கொண்டே வெளியே போனார். அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் போய் வாங்கினார்கள். இந்தத் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவரைக் கேட்டுத்தான் மாத்திரை போடுவார்கள். அவர் வாங்கினால் அது நல்லதாகத்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு.

சாயங்காலம் வரை பத்தொன்பது ஃபாரம்.

செப்டம்பர் 8, திங்கள்

கணக்கு எனக்கு வராது என்பார்கள். இந்தக் கணக்கு வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பில் முப்பத்தொன்று. பத்தொன்பது போனால் பன்னிரண்டு. பதினைந்துக்குக் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள். மிச்சப் பிள்ளைகள் பெரிய சாலையைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு நடக்க வேண்டும். அந்தச் சாலையை நானே இரண்டு தடவை யோசித்துத்தான் தாண்டுவேன். சின்ன டீச்சரை எங்கேயோ தூக்கிப் போடுவார்கள்.

அவளைச் சாமான் அறையில் பார்த்தேன். உடைந்த உலக உருண்டைகளுக்கு நடுவில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

“என்ன டீச்சர், உலகமே இடிஞ்சு விழுந்த மாதிரி?”

“விழுந்துதான் கிடக்கு, பாருங்க” என்று உருண்டையைக் காட்டினாள். அழுதுகொண்டே சிரித்தாள். நல்ல பெண். பிழைத்துக்கொள்வாள்.

மதியம் பெரிய டீச்சர் கூப்பிட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பல் இருக்கிறதா என்பதே சந்தேகம். “இருபதாம் தேதி பெற்றோர் கூட்டம் வெச்சிருக்கேன். அதுக்குள்ள அவங்க ஃபாரத்தைக் குடுத்துட்டாங்கன்னா கூட்டமே வீண். என்கிட்ட வந்தா அவங்க வாயைத் திறக்கிறதில்லை. கேட்டுல உங்ககிட்டதான் பேசுறாங்க. நீங்களும் பயிற்சியில இருந்தீங்க. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க.”

நானும் இருந்தேன். அது உண்மை. எப்படி இருந்தேன் என்பது அவருக்கும் தெரியும். பெரிய மனசு.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலை ஏழே முக்காலுக்கே மருந்துக்கடை அம்மா வந்துவிட்டார். கூடவே அவர் மகள். அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் குட்டி வக்கீல். “கேட்டை ஏன் ரெண்டு கதவா வெச்சிருக்கீங்க, ஒண்ணுதானே திறக்கிறீங்க?” என்று முதல் நாளே கேட்டவள். இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் உள்ளே ஓடியதும் ஆரம்பித்தேன்.

“ஃபாரம் எழுதியாச்சா?”

“பேர் எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடலை.”

“போடாதீங்க. கையெழுத்து அழகா இருக்கும், வீணாப் போயிடும்.”

அவர் சிரிக்கவில்லை. “மார்க் இல்லைன்னா அவ படிக்கிறாளா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும் அக்கா?”

“உங்க வீட்டுக்காரர் நல்லவரா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க? மார்க் போட்டா?”

“போட்டிருந்தா அன்னைக்கே பெயில்.” இப்போது லேசாக உதடு அசைந்தது. ஆனால் உடனே போய்விட்டது. “விளையாட்டுக்குச் சொல்லலை அக்கா. காலையில எட்டுல இருந்து ராத்திரி வரைக்கும் கடை. அவகிட்ட உக்கார நேரமே இல்லை. மார்க் ஷீட்தான் எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி. நம்பரைப் பாத்தா, சரி, பிள்ளை நல்லாயிருக்குன்னு மனசு அடங்கும். அதையும் எடுத்துட்டா அவளைப் பத்தி எனக்கு என்னதான் தெரியும்?”

பையைச் சொன்னேன், விதையைச் சொன்னேன், டீச்சர் எழுதித் தருவதைச் சொன்னேன். தலையை ஆட்டினார், கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியில்தான் அது ஞாபகம் வந்தது.

“வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு நீங்களே வந்து உக்காரப் போறீங்களே. அவ உங்களுக்குப் பாடம் எடுப்பா.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான். நீங்க பெஞ்சுல. அவ பலகைக்குப் பக்கத்துல. வாராவாரம்.”

மருந்துக்கடை அம்மா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பார்வை உள்ளே, ஒன்றாம் வகுப்பு ஜன்னல் மேல். காலை வெயில் அந்தக் கண்ணாடியில் பட்டால் உள்ளே இருக்கிறது எதுவும் தெரியாது, வெறும் பளபளப்புத்தான். அதையே பார்த்தார்.

“நானே வந்து பாக்கலாமா?” என்றார்.

“பாக்கலாம் என்ன, பாத்தே ஆகணும்.”

ஃபாரத்தை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை.

செப்டம்பர் 10, புதன்

மூன்று ஃபாரம் எழுதாமலே, வேண்டாம் என்று திரும்பி வந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

ஊர் முழுக்க வெள்ளிக்கிழமைப் பேச்சு. லாரி அப்பா வியாழக்கிழமை லோடு ஏற்றுவதை விட்டுவிட்டாராம், வெள்ளி வண்டி எடுக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லியாயிற்றாம். தச்சு வேலை செய்கிற ஓர் அப்பா, “எனக்குக் கூட்டல் மட்டும் போதும், கழித்தல் வந்தா வெளிய போயிடுவேன்” என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். ஓர் அம்மா என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: “புடவை என்ன கட்டிட்டு வரணும்?” ஒன்றாம் வகுப்புக்கு யூனிஃபார்ம் உண்டு, நீலப் பாவாடை, இரட்டைப் பின்னல் என்றேன். ஒரு நிமிடம் நம்பிவிட்டார்.

பதினொரு ஃபாரம் திரும்பிவிட்டது.

எல்லாரும் போன பிறகு ஒன்றாம் வகுப்பைப் பெருக்கினேன். நாலரை மணி வெயில் ஒரு பெஞ்சை மட்டும் தொட்டுக்கொண்டு இருந்தது. பிள்ளைகள் போன அறைக்கு ஒரு மணம் உண்டு. பென்சில் சீவல், ஈர சாக்ஸ், ரப்பர். சத்தம் போன பிறகும் சத்தத்தின் சூடு இருக்கும். துடைப்பத்தைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்தேன். என்னை நாலாம் வகுப்போடு நிறுத்தினார்கள். தம்பிகளைப் பார்க்க ஆள் இல்லை. அதற்காக நான் அழுததாக ஞாபகம் இல்லை. ஆனால் அன்றைக்குப் பலகையில் பாதி எழுதியிருந்த பாட்டு ஞாபகம் இருக்கிறது. மீதிப் பாதி என்ன என்று இன்னும் தெரியாது. அதைக் கேட்டு யாரிடம் போவது.

செப்டம்பர் 15, திங்கள்

சின்ன டீச்சர் இன்று கேட்டாள், “அக்கா, எல்லாரும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைங்கிறாங்களே, என்ன வெள்ளிக்கிழமை?”

நான் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “அப்படி ஒண்ணு இல்லையே.”

“இருக்கு டீச்சர். அவர் சொன்னார். நீங்க அப்ப தலையை ஆட்டிக்கிட்டிருந்தீங்க.”

“நான் தூங்கினேன்னு வெச்சுக்குங்க. ஆனா குறிப்பெல்லாம் எழுதியிருக்கேன். பெற்றோர் வருஷத்துக்கு மூணு தடவை வந்து கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதானா? அப்ப நான் எங்கேருந்து எடுத்தேன்? அவர் குரல்லதானே கேட்டேன். மூணு மணின்னு நேரங்கூடச் சொன்னாரே. ஸ்டியரிங் – ஐயோ, லாரி அப்பா ஸ்டியரிங்கோட வந்தாரே. பயிற்சி அறையில அவருக்கு என்ன வேலை? அதை அப்பவே யோசிச்சிருக்க வேண்டாமா நான். முழுசும் தூக்கம். ஆரம்பத்துலேருந்தே தூக்கம். கூறுகெட்டவளே, தூக்கத்துல கண்டதைப் போய் ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன்.

சின்ன டீச்சரிடம், புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை யாரிடமும் பேச வேண்டாம் என்றேன். சரி என்றாள். அவளுக்கும் பயம்.

செப்டம்பர் 17, புதன்

பாடத்திட்டப் புத்தகம் அலுவலக அலமாரியில் இருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நேற்றும் இன்றும், கேட் சாத்திய பிறகு, சாமான் அறையில் உட்கார்ந்து படித்தேன். படித்தேன் என்றால், விரலை எழுத்துக்குக் கீழே வைத்து நகர்த்தினேன். எனக்கு எழுதுவது கைக்கு வந்துவிட்டது, இந்த நோட்டால். அச்சு எழுத்துத்தான் இன்னும் நெரிசல். கூட்டமான பஸ்ஸில் ஏறுகிற மாதிரி, ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

‘பெற்றோர்’ என்ற வார்த்தையை முதலில் பழகிக்கொண்டு அதை மட்டும் தேடினேன். பதினேழு இடத்தில் இருக்கிறது. ஒன்றிலும் வெள்ளிக்கிழமை இல்லை.

எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு வரி. குழந்தை தான் அறிந்ததைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது கற்றல் முழுமை பெறுகிறது. அதை இரண்டு தடவை படித்தேன். இதைத்தான் அவர் வாசித்திருப்பார், தண்ணீர் விழுகிற அந்தக் குரலில். மிச்சத்தை நானே கட்டிக்கொண்டேன். பெஞ்ச், வெயில், அம்மா எல்லாம்.

மனதுக்கு ஆறுதல். வேறு ஒன்றுக்கும் உதவாது.

செப்டம்பர் 18, வியாழன்

வீட்டுக்காரரிடம் கொட்டிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். முதலில் சிரித்தார். “தூங்கிக்கிட்டே சட்டம் போட்ட ஆளை இப்பதான் பாக்குறேன்” என்றார். அப்புறம் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, “அந்த மருந்துக்கடைப் பொண்ணு இதை நம்பித்தானே ஃபாரம் குடுக்கலை?” என்று கேட்டார்.

“ஆமா.”

“அப்ப நாளைக்கே போய்ச் சொல்லிடு. கூட்டத்துல வேற யாராவது சொல்லி அது காதுல விழுந்துச்சுன்னா, அப்புறம் நீ கேட்டைத் திறந்தாலும் அது உள்ள வராது.”

இந்த மனிதர் வருடத்துக்கு ஒரு தடவை சரியாகப் பேசுவார். இந்த வருடத்துக்கு முடிந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

சொல்லத்தான் போனேன். பெரிய டீச்சர் அறை வாசலில் நின்றேன். உள்ளே மேசை மேல் ஃபாரங்கள் அடுக்கி இருந்தன.

“பதினெட்டு வந்திருச்சு” என்றார். “பதினெட்டு. மருந்துக்கடை அம்மாவோடது ஒண்ணுதான் பாக்கி. என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?”

அப்போது சிரித்தார். பல் இருக்கிறது. வரிசையான, சின்னப் பல். சிரித்ததும் அந்த முகத்தில் வேறு ஒரு பெண் வந்து நின்றாள், பன்னிரண்டு வயதில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவள் மாதிரி.

நான் என்ன செய்வேன். டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கோழை. கோழைதான்.

செப்டம்பர் 20, சனி

இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்குக் கூட்டம். முப்பத்தொரு வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். அதே அதிகாரி, அதே சுவர், அதே படம். இந்தத் தடவை நான் உட்காரவே இல்லை. டீ தட்டோடு சுவரோரம் நின்றேன். மருந்துக்கடை அம்மா மூன்றாவது வரிசை ஓரத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

அதிகாரி முடித்ததும், “கேள்வி இருந்தா கேளுங்க” என்றார்.

லாரி அப்பா எழுந்தார். சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். “மத்ததெல்லாம் எங்க அக்கா ஏற்கனவே சொல்லிட்டாங்க சார். இந்த வெள்ளிக்கிழமை எங்க கிளாஸ் இருக்கே, அதுக்கு நோட்டு நாங்க கொண்டு வரணுமா, நீங்க குடுப்பீங்களா?”

“எந்த கிளாஸ்?”

“எங்களுக்குப் பிள்ளைங்க பாடம் எடுக்கிறது.”

அதிகாரி தன் தாள்களைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி புரட்டினார். “அப்படி எதுவும் பாடத்திட்டத்துல இல்லையே.”

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மருந்துக்கடை அம்மாவின் கையைப் பார்த்தேன். அது கைப்பையின் ஜிப்பைத் திறந்தது. மடித்த ஃபாரத்தின் வெள்ளை ஓரம் தெரிந்தது.

தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

“அது நான் சொன்னது சார்” என்றேன். “புத்தகத்துல இல்லை. முழுசாத் தேடிப் பாத்துட்டேன். அன்னைக்கு நீங்க இங்க பேசும்போது நான் பின்னாடி தூங்கிட்டேன். அப்ப வந்த கனவு. நிஜமா நீங்க சொன்னதுன்னு நினைச்சு எல்லாருக்கும் சொல்லிட்டேன். திங்கக்கிழமையே தெரிஞ்சுபோச்சு. வாய் வரலை.”

“கனவா?” என்றார் அதிகாரி.

“ஆமா சார். உங்க குரல்லதான் வந்துச்சு.”

யாரோ ஒருவர் மூக்கு வழியாகச் சிரித்தார். அப்புறம் தச்சர் அப்பா. அப்புறம் அறை முழுக்க. நான் நாலு பேரை வம்பிழுத்து நாற்பது வருடம் வாழ்ந்தவள். என்னைப் பார்த்து ஓர் அறையே சிரிப்பது எப்படி இருக்கும் என்று தெரியாமல் இருந்தது. வெதுவெதுப்பாக இருக்கிறது. கால் மட்டும் தரையில் இல்லை.

மருந்துக்கடை அம்மா சிரிக்கவில்லை. எல்லாரும் அடங்கும் வரை இருந்துவிட்டு எழுந்தார்.

“கனவுல நான் இருந்தேனா?”

“இருந்தீங்க. ரெண்டாவது பெஞ்சு. வெள்ளைக் கோட்டு.”

“என் பொண்ணு என்ன சொல்லிக் குடுத்தா?”

“தெரியலைம்மா. அதுக்குள்ள பெரிய டீச்சர் எழுப்பிட்டாங்க.”

அவர் பெரிய டீச்சர் பக்கம் திரும்பினார். “இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டிருக்கலாம் நீங்க.” மறுபடி என்னிடம்: “இல்லாததை இருக்குன்னு சொன்னது தப்பு அக்கா. தெரிஞ்சப்புறம் அஞ்சு நாள் சொல்லாம இருந்தது அதைவிடத் தப்பு. அதை உங்ககிட்ட தனியா வெச்சுக்கிறேன்.”

“வெச்சுக்குங்க.”

“டீச்சர், நான் ஏற்கனவே கடைக்கு ஆள் போட்டுட்டேன், வெள்ளிக்கிழமை மூணுலேருந்து நாலு. புத்தகத்துல இருக்கோ இல்லையோ, அன்னைக்குக் கதவு திறந்திருக்குமா?”

பெரிய டீச்சர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். படத்தில் உதவி ஒன்றும் இல்லை. “கூடாதுன்னும் எதுவும் இல்லை” என்றார், மெதுவாக.

“மூணு மணி” என்றார் பெரிய டீச்சர். “தாமதமா வந்தா உள்ள விட மாட்டேன்.”

மருந்துக்கடை அம்மா ஃபாரத்தை எடுத்து நீட்டி, “பின்பக்கம் வெள்ளையா இருக்கு. பிள்ளைங்களுக்கு வரைய ஆகும்” என்றார்.

டீ ஆறிப்போயிருந்தது. எல்லாரும் குடித்தார்கள்.

செப்டம்பர் 22, திங்கள்

பெரிய டீச்சர் என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார். விதியாம். எட்டு வரி எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மையில் இரண்டு எழுத்தைத் திருத்தி, கோப்பில் வைத்தார். மார்க் போடவில்லை. புதிய பாடத்திட்டம் இன்றைக்கு அமலுக்கு வந்துவிட்டது.

“இனி பயிற்சின்னா நீங்க முன் வரிசை” என்றார்.

மருந்துக்கடை அம்மா காலையில் வணக்கம் சொல்லவில்லை. கேட்டைத் தாண்டி நாலடி போய் நின்று, திரும்பிப் பார்க்காமலே, “தூக்கம் வராம இருக்க மாத்திரை இருக்கு, வேணுமா?” என்றார். அரைப் பங்கு கோபம் குறைந்திருக்கிறது. மீதி அரை நியாயம்தான்.

செப்டம்பர் 26, வெள்ளி

மூன்று மணிக்கு முப்பது பேர் வந்தார்கள். லாரி அப்பா மட்டும் வரவில்லை. முதலாளி விடாமல் ஒரு லோடு அனுப்பிவிட்டாராம், பாலத்தில் வண்டிகள் நிற்கின்றன என்று போன் செய்தார். அவர் மகள் கரும்பலகைப் பக்கம் நின்று, காலியாக இருந்த தன் அப்பாவின் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன டீச்சர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். போய் உட்கார்ந்தேன். பெஞ்ச் போதாததால் அங்கே மழலையர் வகுப்பிலிருந்து கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போட்டிருந்தார்கள்.

பாடம், கதவை அளப்பது. சாண் வைத்து. குட்டி வக்கீல் முதலில் அளந்தாள்: பதினெட்டு. அவள் அம்மா அளந்தார்: பதினொன்று.

“தப்பு” என்றாள் மகள்.

“நான் சரியாத்தான் வெச்சேன்.”

“கதவு ஒண்ணுதானே அம்மா. அப்ப எப்படி ரெண்டு பதில் வரும்? யோசிங்க. அவசரம் இல்லை.”

மருந்துக்கடை அம்மா யோசித்தார். தன் கையை விரித்துப் பார்த்தார். மகள் கையை இழுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தார். அப்படியே வைத்திருந்தார். ஜன்னல் வழியாக வெயில் வந்துகொண்டிருந்தது. மகள்தான் கடைசியில், “அம்மா, பதில்” என்றாள்.

எனக்கும் பாடம் நடந்தது. லாரி அப்பாவின் மகள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, கூழாங்கற்களை மூன்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னாள். பிரித்தேன். ஒன்று மிச்சம் வந்தது. “மிச்சம் வந்தா பயப்படக் கூடாது, தனியா வெச்சிடணும்” என்றாள். வைத்தேன்.

நாலு மணிக்குக் கேட்டைத் திறக்க எழுந்தேன். நாற்காலியும் எழுந்தது. இரண்டு பேர் பின்னாலிருந்து இழுத்தார்கள். வரவில்லை. வெளியே மற்ற வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. கேட்டைத் திறப்பது என் வேலை, ஆகவே அப்படியே போய்த் திறந்தேன். தச்சர் அப்பா வண்டியிலிருந்து ரம்பம் எடுத்து வந்து, நாற்காலியின் இடது கையை அறுத்து என்னை விடுவித்தார். பெரிய டீச்சர் சாமான் பதிவேட்டில் ‘நாற்காலி ஒன்று, கை ஒன்று இல்லை’ என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

கேட் திறந்தது நாலு மணி இரண்டு நிமிடம்.